உரைகல்: வாசகர் கேள்விகளும் ஒரு பத்தரின் பதில்களும்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது பழைய கிரேக்க ஞானி சோக்கிரட்டீசின் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கிரேக்கரைப் பற்றியவை. எனக்கு அதில் பெரிய சந்தோசம். திருகோணமலை மத்திய வீதியில் 41 வருடம் பட்டறையில் இருந்து நகை செய்தவன் நான். மகளின் கலியாண நகைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், செய்கூலியோடு சேர்த்து ஒரு பழைய பிளேட்டோ புத்தகத்தையும் தந்துவிட்டுப் போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வாசித்து முடிக்க இரண்டு மாரிகாலம் எடுத்தது. அன்றுமுதல் அந்த மனிதர்களும் என் பட்டறையில்தான் இருக்கிறார்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு ஏ.எல். மாணவி: ஐயா, "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று சோக்கிரட்டீஸ் சொன்னதாக ரியூஷன் கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஒன்றும் தெரியாத ஒருவரை உலகம் ஏன் இன்னும் ஞானி என்று கொண்டாடுகிறது?

பிள்ளை, அது கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன வசனம். கி.மு. 399இல், தன் 70ஆவது வயதில், தன்மேல் போட்ட வழக்கில், ஏதென்ஸ் நகரத்து நடுவர்கள் ஏறத்தாழ 500 பேருக்கு முன்னால் நின்று அவர் பேசியதை அவரிடம் பழகிய பிளேட்டோ எழுதிவைத்தார். அதில் அவர் சொல்வது, தெரியாத ஒன்றைத் தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை என்பதுதான். கொப்பியில் அப்படித் திருத்தி எழுதிக்கொள்.

அந்தப் பேச்சின் பின்கதை இது. கைரபோன் என்றொரு நண்பர் டெல்பிக் கோயிலுக்குப் போய், சோக்கிரட்டீசைவிட அறிவுள்ளவர் யாரும் உண்டா என்று வாக்குக் கேட்டார். யாரும் இல்லை என்று பூசாரிப் பெண் சொன்னாள். சோக்கிரட்டீசுக்குத் திகைப்பு. சாமி பொய் சொல்லாது, ஆனால் இது எப்படி உண்மையாகும் என்று யோசித்து, தன்னைவிட அறிவாளி ஒருவரைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். முதலில் அரசியல்வாதிகளிடம் போனார். பேர்தான் பெரிது, உள்ளே ஒன்றுமில்லை. பிறகு கவிஞர்களிடம் போனார். அழகாகப் பாடியிருந்தார்கள், பாடியதன் பொருளை விளக்க முடியவில்லை. கடைசியாகக் கைவினைக்காரரிடம் வந்தார்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவர் சொல்கிறார்: கைவினைக்காரருக்கு எனக்குத் தெரியாத பல நல்ல விசயங்கள் தெரிந்திருந்தன, அதில் நான் ஏமாறவில்லை. ஆனால் தன் தொழிலை நன்றாகச் செய்கிற ஒரே காரணத்தால், மற்றப் பெரிய விசயங்களிலும் தானே அறிவாளி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பிழை அவர்களுக்கு இருந்த அறிவையும் மறைத்துவிட்டது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கண்ணால் பார்த்தே பொன்னின் மாற்றை, அதாவது சுத்தத்தை, சொல்லக்கூடியவன் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அதனால் காணிப் பிணக்கு, சம்பந்தம், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் சொல்வேன். ஒருமுறை ஒரு பெடியன் மோதிரத்துக்குப் பேரம் பேசிய விதத்தைப் பார்த்துவிட்டு, "இவன் காசில கெட்டி, பிள்ளைக்குச் சரிவரான்" என்று பெண்ணின் தகப்பனிடம் சொன்னேன். அந்தச் சம்பந்தம் குழம்பிப்போயிற்று. பாரிசவாதத்தில் விழுந்த தாயை அந்தப் பெடியன் 12 வருடம் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்த்ததைப் பிறகு இந்த ஊரே கண்டது. பேரம் பேசி மிச்சம் பிடித்த காசு அவளுடைய மருந்துக்கு. எனக்குத் தெரிந்தது பொன். ஆளைத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

சோக்கிரட்டீஸ் செய்த வேலையை ஒரு பட்டறைக் கதையால் சொன்னால் உனக்கு விளங்கும். எனக்கு 19 வயதில் ஒருவர் சங்கிலி ஒன்றை விற்க வந்தார். உரைகல்லில் இழுத்தேன். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற 22 கரட் ஆணியையும் இழுத்தேன். திராவகம் தொட்டு வைத்தேன். இரண்டு கோடும் ஒரே மஞ்சளாக அசையாமல் நின்றன. காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் அப்பா வந்து சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "மேலதானே உரைச்சாய், உள்ள என்ன இருக்கெண்டு பாத்தியா?" என்று அரத்தை எடுத்து ஒரு வளையத்தில் ஆழமாக ஒரு கீறு போட்டு, அந்தக் கீறலைக் கல்லில் இழுத்தார். திராவகம் பட்டதும் கோடு பச்சையாகப் பொங்கி மறைந்தது. உள்ளே முழுக்கச் செம்பு, மேலே தடித்த பூச்சு.

சோக்கிரட்டீசின் கேள்வி அந்த அரம்தான். வீரம் என்றால் என்ன என்று லாக்கிஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் கேட்கிறார். போரில் பின்வாங்காமல் நிற்பது என்று லாக்கிஸ் சொல்கிறார். மேற்கோடு நல்ல மஞ்சள். பின்வாங்குவதுபோல் காட்டித் திரும்பி அடிக்கிற படைக்கு வீரம் இல்லையா, நோயிலும் வறுமையிலும் கடலிலும் தாங்கி நிற்கிறவருக்கு வீரம் இல்லையா என்று சோக்கிரட்டீஸ் கீறிப் பார்க்கிறார். கோடு மறைந்துபோகிறது. போர்க்களம் கண்ட இரண்டு பேராலும் கடைசிவரை வரைவிலக்கணம் சொல்ல முடியவில்லை.

இன்னொரு இடத்தில் கல்லிக்கிளிஸ் என்பவரிடம் அவரே சொல்கிறார்: என் ஆன்மா பொன்னாக இருந்தால், பொன்னை உரைத்துப் பார்க்கிற ஒரு கல் கிடைப்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி, அந்தக் கல் நீதான். தன்னோடு முரண்டு பிடிக்கிறவனைப் பார்த்து இப்படிச் சொல்கிறார். இந்தப் பகுதிக்கு நான் பேர் வைத்தது அதை நினைத்துத்தான்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தகப்பன்: மகனுக்கு 17 வயது. மோட்டார் சைக்கிள், போன், படிப்பு, நீச்சல் எல்லாம் குறையில்லாமல் கொடுத்தேன். பொய் சொல்கிறான், கடன் வாங்குகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். நல்லொழுக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, முடியாதா?

அண்ணை, உங்கள் கேள்வி அப்படியே 2400 வருடத்துக்கு முன்னால் மெனோன் என்ற பணக்கார இளைஞன் சோக்கிரட்டீசிடம் கேட்ட கேள்வி. நல்லொழுக்கம் படித்து வருவதா, பழகி வருவதா, பிறப்பில் வருவதா என்றான். சோக்கிரட்டீஸ் அங்கே உங்களைப்போன்ற தகப்பன்மார் சிலரை எடுத்துக்காட்டுகிறார். தெமிஸ்டோக்கிளிஸ், பாரசீகக் கடற்படையை முறியடித்தவர். தன் மகனுக்குக் குதிரையேற்றம் பழக்கினார். ஓடுகிற குதிரையின் முதுகில் நிமிர்ந்து நின்றபடி ஈட்டி எறிவானாம் அந்தப் பிள்ளை. ஆனால் தகப்பனுக்கு இருந்த பண்பு மகனிடம் இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஏதென்சின் பெரிய தலைவர் பெரிக்கிளிசின் இரண்டு பிள்ளைகளுக்கும் குதிரை, இசை, விளையாட்டு எல்லாம் கிடைத்தன. அவர்களும் அப்படித்தான். நல்லொழுக்கம் சொல்லிக்கொடுக்கக்கூடியதென்றால் இப்பேர்ப்பட்டவர்கள் கொடுக்காமல் விட்டிருப்பார்களா என்று கேட்கிறார். பக்கத்தில் இருந்த அனிட்டஸ் என்ற அரசியல்வாதிக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை, கவனமாக இரு என்று எச்சரிக்கிறார். பின்னாளில் சோக்கிரட்டீசின்மேல் வழக்குப் போட்ட மூவரில் ஒருவர் அவர். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் கதையைத் தொட்டால் எந்தக் காலத்திலும் சுடும்.

விடையின் பக்கம் வந்தவர் அரிஸ்டோட்டில். பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் 20 வருடம் இருந்தவர். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனாகிறோம், யாழ் மீட்டி மீட்டித்தான் யாழ் வாசிப்பவராகிறோம், அதுபோல நீதியான காரியங்களைச் செய்து செய்துதான் நீதிமானாகிறோம் என்றார். புத்தி சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களை, வைத்தியர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு மருந்தும் எடுக்காத நோயாளிகள் என்கிறார். இரண்டு பேரும் சுகப்படப்போவதில்லை.

அடித்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பொன்னைச் சுத்தியலால் தட்டத் தட்ட அது இறுகும். இறுகினதற்குமேல் தட்டினால் ஓரம் வெடிக்கும். நாங்கள் பத்துத் தட்டுத் தட்டினால் ஒருமுறை நெருப்பில் காட்டுவோம். சிவந்து, ஆறி, இளகி வந்த பிறகுதான் அடுத்த தட்டு. தகடு அப்படித்தான் வெடிப்பில்லாமல் மெலிகிறது. என்னிடம் 15 வயதில் வேலை பழக வந்த ஒரு பெடியன் சின்னச் சின்னத் துணுக்குப் பொன்னை மறைத்தான். நான் ஏசவில்லை. அன்றுமுதல் மாலையில் பட்டறையைக் கூட்டி, உரைகல்லில் ஒட்டிய பொடியை மெழுகில் ஒற்றி எடுத்து, நிறுத்து, கணக்குக் கொப்பியில் எழுதுகிற வேலையை அவனுக்கே கொடுத்தேன். முதல் மாதம் கணக்குக் குறைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் குறையவில்லை. இன்று அவன் தன் சொந்தப் பட்டறையில் நாலு பேரை வைத்திருக்கிறான்.

வயற்கூலிக் காசை மகனின் கையால் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள், அண்ணை. வேலை செய்தவர்களின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். ஒருநாள் இரண்டுநாள் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு தகைவிலான் குருவி வந்ததும் வசந்தம் வந்துவிட்டதென்று சொல்ல முடியாது என்பதும் அரிஸ்டோட்டில் சொன்னதுதான்.

மூதூரிலிருந்து ஒரு வாசகர்: எபிக்கூரஸ் என்பவர் "தின்று குடித்துச் சந்தோசமாக இரு" என்று சொன்னவர்தானே?

அப்படித்தான் அவர்மேல் பழி போட்டார்கள், நானா. கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்து, ஏதென்சுக்கு வந்து ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு அங்கே இருந்தவர். பெண்களும் அடிமைகளும்கூட அந்தத் தோட்டத்தில் இருந்து படித்தார்கள். அந்தக் காலத்தில் அதைப் பொறுக்காதவர்கள் என்னென்னவோ கதை கட்டினார்கள். அவர் இன்பம் என்று சொன்னது உடம்பில் நோவில்லாமலும் மனதில் கலக்கமில்லாமலும் இருப்பதை. குடியும் கூத்தும் இல்லை என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பசித்தவனுக்கு ரொட்டியும் தண்ணீரும் பெரிய விருந்து என்றார். ஒரு நண்பருக்கு எழுதும்போது, சின்னச் சட்டியில் கொஞ்சம் பாற்கட்டி அனுப்பு, நினைத்த நேரம் விருந்து கொண்டாடுவேன் என்று கேட்கிறார். கிண்ணியாவிலிருந்து வருகிற எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவு வரும்.

ஓர்ஸ்ஹில்லிலிருந்து ஓர் அரச ஊழியர்: தெரிந்துகொண்டு யாரும் தீமை செய்வதில்லை, அறியாமையால்தான் செய்கிறார்கள் என்பது சோக்கிரட்டீசின் கருத்து என்று வாசித்தேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெரிந்துகொண்டே பிழை செய்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நானும் செய்திருக்கிறேன்.

தம்பி, கடைசி வசனத்தை எழுதினதற்கு உங்களுக்கு நன்றி. அதற்கு நான் புத்தகத்திலிருந்து மட்டும் பதில் சொன்னால் நியாயமாகாது.

1990களில் வேலை குறைந்துபோன ஒரு காலம். ஒரு கடைக்காரர் எனக்குத் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். ஊரும் பேரும் வேண்டாம். 20 கரட்டில் செய்து 22 என்று முத்திரை குத்த வேண்டும். மூன்று மாதம் செய்தேன். வளையல், சங்கிலி, பிள்ளைகளின் காப்பு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம். சொல்லமாட்டேன். மாற்றுத் தெரியாமலா செய்தேன்? செம்பை நிறுத்துப் போட்டதே இந்தக் கை.

ஆகவே முதலில் நானும் உங்களைப்போல அரிஸ்டோட்டிலின் பக்கம்தான் நின்றேன். சோக்கிரட்டீசின் இந்தக் கருத்து கண்முன்னால் நடப்பதோடு முட்டுகிறது என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் ஆசையால் இழுபடுகிற மனநிலைக்குக் கிரேக்கத்தில் அக்ராசியா என்று பேர். அதற்காகவே தன் அறநூலின் ஏழாம் பகுதியில் நெடுக எழுதுகிறார்.

ஆனால் அந்தப் பகுதியை முழுக்க வாசித்தால் அவர் சோக்கிரட்டீசுக்குக் கிட்டத்தான் திரும்பி வருகிறார். ஆசை பிடித்திருக்கிற நேரத்தில் அவனுக்கு அறிவு இருக்கிறது, ஆனால் நித்திரையில் இருப்பவனுக்கும் வெறியில் இருப்பவனுக்கும் இருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். குடித்தவன் எம்பெடோக்கிளிஸ் என்ற பழைய ஞானியின் பாட்டை வரி தப்பாமல் சொல்வான், அதனால் அது அவனுக்கு விளங்கியிருக்கிறது என்றாகிவிடாது.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு விசயம் திடுக்கென்று நினைவுக்கு வந்தது. அந்த மூன்று மாதமும் நான் உரைகல்லைத் தொடவே இல்லை. 14 வயதிலிருந்து ஒவ்வொரு நகையும் கைவிட்டுப் போகுமுன் ஒருமுறை கல்லில் இழுத்துப் பார்ப்பது எனக்கு மூச்சு விடுவதுபோல. அந்த நகைகளை மட்டும் இழுக்கவில்லை. கல் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. 20 கரட் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிந்துவிடும். அந்தத் தெரிதலிலிருந்து ஒளித்துத் திரிந்திருக்கிறேன்.

பிளேட்டோ இதற்கு ஒரு நல்ல உவமை வைத்திருக்கிறார். டேடலஸ் என்ற சிற்பி செய்த சிலைகள் உயிருள்ளவைபோல ஓடிப்போகுமாம், கட்டிவைத்தால்தான் நிற்குமாம். சரியான அபிப்பிராயமும் அப்படித்தான். ஏன் என்ற காரணத்தோடு கட்டிவைக்கும்வரை அது மனிதனின் மனதை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும், கட்டப்பட்ட பிறகுதான் அது அறிவு. எனக்குப் பிழை என்று தெரிந்திருந்தது, அது கட்டப்படாமல் கிடந்தது.

கட்டிவைத்தது ஒரு தாய். கடையில் வாங்கிய பிள்ளைக்காப்பு ஒன்றைப் பெருப்பிக்க வேண்டும் என்று கொண்டுவந்தாள். என் வேலை. என் முத்திரை. 22 தானே, பொன் சேர்த்து ஊதுங்கோ என்றாள். கல்லை இறக்கி அவளுக்கு முன்னாலேயே உரைத்தேன். அன்றைக்கே அந்தக் கடையின் வேலையை விட்டேன். அந்தக் காப்பை என் பொன்னைப் போட்டு 22இல் புதிதாகச் செய்து கொடுத்தேன். மற்ற நகைகள் யார் யார் வீட்டில் இருக்கின்றனவோ. அதை நினைக்காத ஒரு நாள்கூட எனக்கு இல்லை.

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி: பொன் விலை இப்படி ஏறுகிறதே, இருக்கிற காசைப் பொன்னில் போடலாமா?

மகளுக்கென்றால் கொஞ்சம் கொஞ்சமாக, கல் வைக்காத நகையாக வாங்கிவையுங்கள். கல்லின் நிறைக்கும் செய்கூலிக்கும் விற்கும்போது காசு வராது. இதற்குமேல் விலையைப் பற்றிச் சொல்வது என் வேலையில்லை.

கிரேக்கக் கதை ஒன்று சொல்கிறேன். பொன்னுக்குப் பேர்போன லிடியா நாட்டு அரசன் குரோசஸ். உரைகல்லைக் கிரேக்கர் லிடியக் கல் என்றே அழைத்தார்கள். ஏதென்சின் சட்டம் எழுதிய சோலோன் அவனிடம் வந்ததாக வரலாறு எழுதிய ஹெரொடோட்டஸ் சொல்கிறார். அரசன் களஞ்சியம் முழுக்கக் காட்டிவிட்டு, நீ கண்டவர்களில் யார் மிகப் பாக்கியவான் என்று கேட்டான். தெல்லஸ் என்றார் சோலோன். யார் அவன்? ஏதென்சில் ஒரு சாதாரண ஆள். நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு இருக்க, ஊரைக் காக்கப் போராடி மாண்டவன். முடிவைப் பார்க்காமல் யாரையும் பாக்கியவான் என்று சொல்லாதே என்றார். அரசனுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு பாரசீகத்துச் சைரஸ் அவனுடைய நாட்டைப் பிடித்தபோது சோலோனின் பேரைச் சொல்லித்தான் கத்தினானாம்.

திருக்கடலூரிலிருந்து ஒரு சகோதரி: என் தாலிக்கொடியை அடைவு வைத்துத்தான் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கினோம். வாடைக்காற்றில் இரண்டு மாதம் தொழில் இல்லை, வட்டி நிற்கவில்லை. நான் வாய் திறந்தால் "போதும் என்ற மனம் வேணும்" என்று வசதியான சொந்தக்காரர் புத்தி சொல்கிறார்கள். இல்லாதவர்களை அடக்கி வைக்கச் சொன்ன பேச்சா இது?

தங்கச்சி, உங்களுக்குச் சொல்லப்பட்ட விதத்தில் அது அடக்கி வைக்கிற பேச்சுத்தான். எனக்குக் கோபம் வருகிறது. நிறைந்த பெட்டகத்தின்மேல் இருந்துகொண்டு வெறும் பெட்டகக்காரிக்குப் போதும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கிரேக்கரில் இதைச் சொன்னவர்களைப் பாருங்கள். எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டவர்கள். சீனோ, சைப்பிரஸ் தீவு வியாபாரி. ஊதாச்சாயச் சரக்கோடு வந்த கப்பல் ஏதென்சுக்குக் கிட்ட உடைந்து எல்லாம் போயிற்று. நகரத்துக்குள் போய் ஒரு புத்தகக் கடையில் குந்தினார். கடைக்காரர் சோக்கிரட்டீசைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதர்களை எங்கே காணலாம் என்று கேட்டார் சீனோ. அந்த நேரம் கிராட்டீஸ் என்ற ஞானி வீதியால் போனார், அவருக்குப் பின்னால் போ என்றார் கடைக்காரர். போனார். கப்பல் உடைந்த அந்தப் பயணம்தான் நல்ல பயணம் என்று பிற்காலத்தில் சொன்னாராம். அவர் சித்திர மண்டபம் (கிரேக்கத்தில் ஸ்தோவா) ஒன்றில் நின்று படிப்பித்ததால் அந்த வழியினருக்கு ஸ்தோயிக்கர் என்று பேர். அதே வழியில் பிறகு வந்த எபிக்டெட்டஸ், ரோமில் அடிமையாக இருந்தவர், கால் ஊனம். வீட்டில் இருந்த இரும்பு விளக்கைக் கள்ளன் கொண்டுபோனபோது, நாளைக்கு மண்விளக்கு வாங்கலாம் என்றார். தன் விளக்கைப் பற்றித்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பசியோடு இருப்பவரிடம் மனம் போதும் என்று சொல்வது அபத்தம் என்று தெரிந்தவர் அரிஸ்டோட்டில். சித்திரவதைச் சக்கரத்தில் கட்டிவைக்கப்பட்டவனும் நல்லவனாக இருந்தால் இன்பமாக இருக்கிறான் என்று சொல்கிறவர்கள் உளறுகிறார்கள் என்று எழுதினார். நல்ல காரியம் செய்யவும் கையில் ஏதாவது வேண்டும் என்றார். (அதே அரிஸ்டோட்டில் அடிமைமுறையை நியாயப்படுத்தினார். கைவேலை செய்பவனுக்குச் சிறந்த நகரத்தில் குடியுரிமை கொடுக்கக்கூடாது என்றும் எழுதினார். அதை நான் மன்னிக்கவில்லை. கல்தச்சனின் மகனான சோக்கிரட்டீஸ் மார்புக்கவசம் செய்கிற பட்டறைக்குப் போய் அது ஏன் உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும் என்று மினக்கெட்டுக் கதைத்தவர்.)

எபிக்டெட்டசின் கைநூல், சில விசயங்கள் நம் கையில் உள்ளன, சில இல்லை என்று தொடங்கும். வாடைக்காற்று உங்கள் கையில் இல்லை. பொன் விலை இல்லை. சொந்தக்காரரின் வாய் இல்லை. அடைவுச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. வங்கிக்குப் போய், வட்டியை மட்டும் கட்டி மறுஅடைவு வைக்கலாமா, தவணை நீட்டலாமா என்று கேளுங்கள். ஏலத் திகதி எப்போது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் திகதியை யாரும் உங்களுக்கு மறைக்கக்கூடாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து படுத்தால் அன்றிரவு வருகிற நித்திரையைத்தான் நான் மனநிறைவு என்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26இல் கடல் வந்து போன சில கிழமைக்குப் பிறகு, கரையோரத்துப் பெண் ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். வீடு இருந்த இடத்தில் சேற்றைக் கிளறியபோது கிடைத்ததென்று ஒற்றைத் தோட்டை மேசையில் வைத்தார். பூவுக்குள் இன்னும் மணல் இருந்தது. இதே மாதிரி மற்றத் தோடு செய்ய எவ்வளவு பொன் வேணும் என்று நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அவர் தடுத்தார். "மற்றதைத் தேடி நான் திரியமாட்டன், பத்தர். இதை உருக்கி ரெண்டாக்கித் தாங்கோ." 3 கிராமும் கொஞ்சமும் இருந்தது. இரண்டு சின்னக் குமிழ்த் தோடு வந்தது. போட்டுக்கொண்டு போய் மீன் கூடை தூக்கத் தொடங்கினார். நிவாரணக் கந்தோரின் வாசலில் அடுத்த இரண்டு வருடமும் தன் வீட்டுக்காக விடாமல் நின்றவரும் அவர்தான். வீட்டைக் கட்டித்தான் ஓய்ந்தார்.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்: சாகும்போது சோக்கிரட்டீஸ் கடைசியாக ஒரு சேவலைப் பற்றிச் சொன்னாராமே. அதற்கு என்ன அர்த்தம்?

அந்த வழக்கில் அவருக்கு நஞ்சு குடித்துச் சாகும்படி தீர்ப்பானது. குடிக்குமுன் அவர் குளித்தார். தன் உடலைக் கழுவுகிற வேலை பெண்களுக்கு மிச்சம் இருக்கக்கூடாதாம். கிண்ணத்தை வாங்கிக் கை நடுங்காமல் குடித்தார். கொஞ்சம் நடந்தார், கால் கனத்ததும் மல்லாந்து படுத்தார். குளிர் காலிலிருந்து மேலே ஏறியது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி நண்பர் கிரிட்டோவிடம் சொன்னார்: "கிரிட்டோ, அஸ்கிளீப்பியசுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது. கொடுத்துவிடு, மறந்துவிடாதே." கிரிட்டோ, செய்கிறேன், வேறு ஏதும் உண்டா என்று கேட்டபோது பதில் வரவில்லை. அஸ்கிளீப்பியஸ் நோய் தீர்க்கிற தெய்வம், சுகமானவர்கள் சேவல் நேர்ந்து கொடுப்பார்கள். வாழ்க்கை என்ற நோயிலிருந்து சுகமாகிறேன் என்று அவர் சொன்னதாகப் பலர் விளக்குகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிப்பதில்லை. வாழ்க்கையை அவ்வளவு ஆசையோடு கேள்வி கேட்டுத் திரிந்த மனிதர் அதை நோய் என்று சொல்லியிருப்பாரா? நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது, அதைச் சொன்னார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் அப்படி எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. அப்பா கடைசி இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிய, கண்ணைத் திறந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் சுற்றி நின்றோம். "மேசை லாச்சியில ஒரு சோடி தோடு கிடக்கு. உவர்மலை ரீச்சரம்மாட. கூலி வாங்கிட்டன். குடுத்திடு" என்றார். மத்தியானம் போய்விட்டார்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் லாச்சியைத் திறந்தேன். சிவப்புக் கடதாசியில் சுற்றி, மேலே பென்சிலால் நிறை எழுதியிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு உவர்மலை ஏற்றம் ஏறினேன். ரீச்சர் வாசலிலேயே கடதாசியைப் பிரித்து, யன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி போட்டார். இடது தோட்டின் சுரை கொஞ்சம் இறுக்கம். திண்ணையில் இருந்து அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.